சிவப்பு பட்டனும் சீல் வெச்ச போர்டும்

உங்க வீட்டு மிக்ஸியோட ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்க. பெரும்பாலும் அடியில ஒரு சின்ன சிவப்பு பட்டன் இருக்கும். கெட்டிச் சட்னி அரைக்கும்போது மோட்டார் அதிக கரண்ட் இழுத்தா அது கட் ஆயிடும். கொஞ்சம் ஆறவிட்டு அமுக்கினா மறுபடி ஓடும். இது தெரியாம "மிக்ஸி போச்சு"ன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்க நிறைய பேர்.

உள்ளே இருக்கறது நாம மெஷின்ஸ் லேப்ல பார்த்த அதே யுனிவர்சல் மோட்டார்தான். தேயறது கார்பன் பிரஷ். ஒரு செட் புரோட்டா விலைக்குள்ள முடிஞ்சிடும். ஜார் உட்கார்ற கப்ளர் இன்னும் அழகு. ஜார் சிக்கிக்கிட்டா மோட்டார் எரியக் கூடாது, அதுக்கு முன்னாடி இந்தத் துண்டு உடையட்டும்னே வெச்சிருக்காங்க. 2011-ல அரசு ஆரம்பிச்ச திட்டத்துல எங்க பாட்டிக்குக் கிடைச்ச விலையில்லா மிக்ஸி மூணு கப்ளரைத் தின்னுட்டு இன்னும் ஓடுது.

இப்போ எங்க வீட்டு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினுக்கு வருவோம். மோட்டார் நல்லா இருக்கு, டிரம் நல்லா இருக்கு, பெல்ட் கூட புதுசு. போர்டு மட்டும் போச்சு. சர்வீஸ் அண்ணன் சொன்ன விலை மெஷின் விலையில பாதிக்குப் பக்கத்துல வந்துது. போர்டைக் கழட்டிப் பார்த்தா முழுக்க ரெசின் ஊத்தி மூடியிருக்கு. அதுக்கு நியாயம் உண்டு, ஈரம் உள்ளே போகக் கூடாது. ஆனா அடியில செத்துக் கிடக்கறது ஒரு ரிலேவா கூட இருக்கலாம். சால்டரிங் அயர்ன் கையில இருந்தும் எட்டாது. அதே தெருவுல ஸ்பிரிங் டைமர் வெச்ச செமி ஆட்டோமேட்டிக்கை எலக்ட்ரீஷியன் நின்ன இடத்துலயே சரி பண்ணிட்டுப் போறார்.

அதுக்காக எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் வேஸ்ட்னு நான் சொல்லல. ஃபேனைப் பாருங்க. பழைய ஃபேன் மெதுவா சுத்துனா பல நேரம் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மாத்தினா போதும். ஆனா அது சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா மாசம் 16 யூனிட் மிச்சம். இந்தச் சிக்கலுக்கு ஒரு பலன் இருக்கு. என் சண்டை துணி துவைக்க வைஃபை வைக்கறவங்களோடதான்.

பிரான்ஸ்ல 2021-ல வாஷிங் மெஷின், லேப்டாப் மாதிரி பொருட்களுக்கு ரிப்பேர் மார்க் போட ஆரம்பிச்சாங்க. பத்துக்கு எவ்வளவுன்னு கடையிலயே தெரியும். கழட்டறது சுலபமா, பார்ட்ஸ் கிடைக்குமா, அதோட விலை என்ன, எல்லாம் அந்த மார்க்ல அடக்கம். இங்கேயும் 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. ஆனா ஷோரூம்ல அப்படி எந்த மார்க்கும் என் கண்ணுல படல.

அதனால போன மாசம் நானே கேட்டேன்: "அண்ணா, இதுக்கு போர்டு தனியா கிடைக்குமா? என்ன விலை?" அவர் ரொம்ப ஆர்வமா, மெஷினை போன்லயே ஆன் பண்ணலாம்னு காட்டினார். தண்ணிக் குழாயை நேர்ல வந்துதானே திறக்கணும்னு அம்மா கேட்டாங்க.