பூம்பாறையில் ஒரு பட்டாணிப் பாத்தி

வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததுமே பிள்ளைகளுக்கு வெள்ளி அருவி எப்போது வரும் என்ற கவலை. எனக்கோ காய்கறிகள் மேல்தான் கண்! கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள பூம்பாறையில் அந்த ஆசை தீர்ந்தது. படிப்படியாக வெட்டிய சரிவெல்லாம் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளைகிற ஊர்களில் இதுவும் ஒன்று.

குழந்தை வேலப்பரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுத் தோட்டத்தில் வயதான அம்மா ஒருவர் பட்டாணி பறித்துக்கொண்டிருந்தார். என் சின்னவளுக்கு ஒரு காயை உரித்துக் கொடுத்தார். வீட்டில் குருமாவிலிருந்து பட்டாணியைப் பொறுக்கி ஒதுக்குகிறவள், "இன்னொண்ணு" என்று கை நீட்டினாள்!

"நாங்க வாங்குறதுல இந்த இனிப்பு இல்லையே, பெரியம்மா?"

"பறிச்ச நிமிசத்துல இருந்து இனிப்பு மாவா மாறிக்கிட்டே இருக்கும் தாயி. காலையில பறிச்சா மத்தியானம் சட்டியில கிடக்கணும்."

பறிப்பதிலும் பக்குவம் உண்டு. பட்டாணிக் காய் உருண்டு திரண்டு, தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். பீன்ஸ் என்றால் விதை புடைக்கும் முன்பு. ஒரு கையால் கொடியைப் பிடித்து, மறு கையால் காயைக் கிள்ள வேண்டும். இழுத்தால் வேரே ஆடிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தால் செடி மேலும் பூக்கும். முற்ற விட்டால் காய்ப்பு நின்றுவிடும்.

மதுரையில் மாசி மாதம் விதைத்து, பூவெல்லாம் உதிர்ந்த என் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அது குளிருக்குப் பிறந்த செடி தாயி. வெயில் ஏறினா பூ நிக்காது." கீழே இருப்பவர்கள் கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்ததும் ஊன்றிப் பார்க்கலாம். விதையை இரவு ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, படர குச்சி நட வேண்டும். உரம் அதிகம் போட்டால் இலைதான் மண்டும். காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்துவிடுங்கள். வேர் முடிச்சுகளில் உள்ள தழைச்சத்து அடுத்த பயிருக்கு உதவும்.

இனி சொல்வதைத் தாய்மார்கள் மறக்கக் கூடாது. ஒருமுறை மலையில் வாங்கிய சிவப்பு பீன்ஸ் விதையை அவசரத்தில் அரைவேக்காட்டில் சுண்டல் செய்துவிட்டேன். இரவெல்லாம் பிள்ளைகளுக்கு வாந்தி, பயந்தே போனேன். வேகாத பீன்ஸ் விதையில் குடலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயறு வேக நேரம் பிடிக்கும். அங்கே தங்கிச் சமைப்பவர்களுக்குக் குக்கர்தான் நல்லது.

புறப்படும்போது ஒரு பிடி பட்டாணி விதையைப் பெரியம்மா என் முந்தானையில் போட்டார். முடிந்து வைத்திருக்கிறேன். கார்த்திகை வரட்டும், இந்த முறை பறிக்கிற வேலை சின்னவளுக்குத்தான்!