சத்தம் கேளாத துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது தவறு விடாத பத்திரிகையாளர் எங்களில் மிகக் குறைவு. நானும் விட்டிருக்கின்றேன். உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் வெளிநாட்டுச் செய்தியொன்றைத் தமிழாக்கி, 'சத்தமே எழாத கைத்துப்பாக்கி' என்று தலைப்பிட்டேன். ஆங்கிலப் படங்கள் தந்த அறிவு அது.

மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். இரவில் கூட்டிச் செல்லப்பட்ட மகன் திரும்பவில்லை. அன்றிரவு அயலில் வெடிச்சத்தம் எதுவும் கேட்காததால் மகன் உயிரோடிருப்பான் என்று நம்பியிருந்தவர். "சத்தம் கேளாமலும் சுடலாமோ தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பின்னரே தேடிப் படித்தேன். சைலன்சரை உருவாக்கி 1909 இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான ஹைரம் பேர்சி மாக்சிம். அவருடைய தந்தை, 1884 இல் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கி, அதன் ஓசையாலேயே செவிப்புலன் கெட்டவர். சைலன்சர் என்பது உள்ளே தடுப்புத் தகடுகள் அடுக்கிய ஒரு குழல். குண்டின் பின்னால் பாயும் வாயு அதற்குள் விரிந்து, வேகம் தணிந்து வெளியேறுகின்றது. அவ்வளவுதான். 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியின் ஏறத்தாழ 160 டெசிபெல் ஓசை 130 அளவுக்குக் குறையலாம். அதுவும் உரத்த சத்தமே.

இக்குழலால் இன்னொரு சங்கடமும் உண்டு. பருமனான குழலைக் கைத்துப்பாக்கியின் முனையில் பொருத்தினால், குறிபார்ப்பதற்காக மேற்புறத்தில் உள்ள தாழ்வான முனையும் பிளவும் அதன் பின்னால் மறைந்துவிடுகின்றன. மாக்சிம் தமது ஆரம்ப வடிவங்களிலேயே, குண்டு செல்லும் துவாரத்தை நடுவில் வைக்காமல் மேல் விளிம்பை அண்டி வைத்தார். பருமன் கீழே தொங்கியது. பார்வைக்கு வழி கிடைத்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் சைலன்சர்கோ நிறுவனம் தயாரித்த ஒஸ்ப்ரேயும் இதே உபாயத்தைத்தான் கையாண்டது. சிலர் குழலை விட்டுவிட்டு, குறிபார்க்கும் முனைகளையே உயர்த்திப் பொருத்துகின்றனர்.

சுடுபவனின் கண்ணை மறைக்காதிருக்க இத்தனை பாடு. ஆயினும் அயலவரின் காதை முற்றாக மூட அக்குழலால் முடியவில்லை.

"பக்கத்தில் சுட்டிருந்தால் கேட்டிருக்கும் அம்மா" என்று அன்று நான் சொல்லியிருக்கலாம். அது அவருடைய மகனைத் திருப்பித் தந்திராது. நான் ஒரு தலைப்பால் பறித்த நம்பிக்கையையாவது திருப்பித் தந்திருக்கும். அவர் மீண்டும் அலுவலகத்துக்கு வரவேயில்லை.