செக்குபந்தியில் நிற்கும் கொல்லர்

காவிரிப் படுகையின் பழைய ஊர்களில் கம்மாளத் தெரு தனியாக இருக்கும். ஏர் செய்யும் தச்சர், கொழு அடிக்கும் கொல்லர், தாலி செய்யும் தட்டார், பாத்திரம் வார்க்கும் கன்னார் ஆகியோரின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் அப்படியொரு தெருவில் பட்டறை வைத்திருந்த முன்னோரைத் தேடுவதும் ஒரு மிராசுதாரின் மூதாதையைத் தேடுவதும் ஒரே வேலை அல்ல. மிராசுதார் நிலக்கணக்கின் நடுவில் இருப்பார். கம்மாளர் அதன் ஓரத்தில்தான் இருப்பார்.

தேடல் வீட்டில்தான் தொடங்கும். தலைமகனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். ஆகவே சாமிநாதன் மகன் சுப்பராயன், சுப்பராயன் மகன் சாமிநாதன் என்று இரண்டு பெயர்களே நூறாண்டுக்கும் மாறி மாறி வரும். ஓர் ஆவணத்தில் உள்ள சாமிநாதன் தாத்தாவா, அவருடைய தாத்தாவா என்பதைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஓலையில் எழுதிய ஜாதகம் கிடைத்தாலும் இதே சிக்கல் உண்டு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்புவதால், பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சக ஆண்டோ கலி ஆண்டோ உடன் எழுதப்பட்டிருந்தால் ஐயம் தீரும். கல்யாண மொய் நோட்டுகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் எல்லாம் அவற்றில்தான் இருக்கும். ஒரு கிளை எந்த ஊரிலிருந்து பிரிந்து வந்தது என்பதற்கான முதல் துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது வருவாய்த்துறைக் கணக்கு. இன்றைய பட்டாவும் சிட்டாவும் 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உருவானவை. அதற்கு முந்தைய நிலையை அறியப் பழைய 'அ' பதிவேட்டையும், அதற்கும் முன்பு செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். புல எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருக்கும் என்பதால், புதிய எண்ணுக்கு ஒத்த பழைய எண்ணை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் போனாலும் கொல்லரின் பெயர் பல ஊர்களில் இருக்காது. தேடலைப் பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். கைவிடத் தேவையில்லை. ரயத்துவாரிக் கணக்கு வரி கட்டும் நிலத்தின் கணக்கு. கம்மாளத் தெரு ஊர் நத்தத்தில் இருந்தது. நத்தத்துக்குத் தீர்வை இல்லை. தீர்வை இல்லாத மண்ணில் குடியிருந்தவரின் பெயரை எழுத அந்தக் கணக்குக்குத் தேவை ஏற்படவில்லை.

இது வெள்ளையர் கொண்டுவந்த வழக்கமும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியையும் வரியில்லா நிலமாகக் கழித்தே கணக்கிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக இந்தத் தெரு நிலக்கணக்கில் கழிக்கப்பட்டே வந்திருக்கிறது.

எனவே தேடுபவர் பதிவுத்துறைக்குப் போக வேண்டும். ஆவணப் பதிவுக்கான பொதுச் சட்டம் 1864-இல் இயற்றப்பட்டு 1865-இல் நடைமுறைக்கு வந்தது. அசையாச் சொத்து ஆவணங்கள் 1-ஆம் புத்தகத்தில் நகலெடுக்கப்படும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் முதல் அட்டவணையிலும், சொத்து விவரம் இரண்டாம் அட்டவணையிலும் ஏறும். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பதானால் பொதுவாக 1975 வரைதான் போகலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத்தான் தேட வேண்டும்.

கொல்லரின் பெயரை முதல் அட்டவணையில் மட்டும் தேடுவது போதாது. அவர் எதையும் விற்காமலும் வாங்காமலும் வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் பக்கத்து மனைக்காரர் விற்றிருப்பார் அல்லது அடமானம் வைத்திருப்பார். அந்தப் பத்திரத்தின் செக்குபந்தியில், இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு என்று நான்கு எல்லை சொல்லும் வரிகளில், கொல்லர் நிற்பார். முதல் அட்டவணையில் ஏறாத பெயர் இது. ஆகவே கம்மாளத் தெருவின் மனைகளைச் சொத்து அட்டவணை வழியே ஒவ்வொன்றாக எடுத்து, பத்திர நகல்களை முழுக்கப் படிப்பது ஒன்றே வழி. சலிப்பான வேலைதான், ஆனால் இதைவிட நிச்சயமான வழி வேறில்லை. 20 ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு பத்திரங்களில் அதே மனையின் எல்லையாகத் தகப்பன் பெயர் போய் மகன் பெயர் வந்திருந்தால், தகப்பன் காலமான காலத்தை ஏறக்குறைய வரையறுத்துவிடலாம். அவரே எழுதிக் கொடுத்த பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அக்காலப் பத்திரங்கள் தகப்பன் பெயரோடு சாதி, ஜீவனம், குடியிருக்கும் ஊர் ஆகியவற்றையும் சொல்லும்.

பத்திரங்களைப் படிக்கத் தமிழ் எண்களும், பின்னங்களைக் குறிக்கும் கீழ்வாய் இலக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தஞ்சாவூரில் நிலம் வேலியிலும் மாவிலும் குழியிலும் அளக்கப்பட்டது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறக்குறைய 6.67 ஏக்கர். கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1270 என்பது 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை.

கைவினைஞருக்கு ஊர் கூலி கொடுத்த முறையும் ஒரு தடயம். அறுவடையின்போது களத்துமேட்டில் நெல்லாகக் கொடுத்ததைத் தஞ்சைக் கணக்குகள் சுதந்திரம் என்றன. சிலருக்கு ஊழிய மானியமாக நிலமும் இருந்தது. அப்படி இருந்திருந்தால் 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மானியத்தை முதலில் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், அவர் வயது, இருவருக்கும் உள்ள உறவு ஆகியவற்றை அது பதிந்தது. ஒரே ஏட்டில் இரண்டு மூன்று தலைமுறைகளைக் காட்டக்கூடிய ஆவணம் இதைப்போல் வேறில்லை. 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டப்படி நடந்த விசாரணைக் கோப்புகளில் அதன் தொடர்ச்சியைக் காணலாம்.

அரண்மனைக்கு வேலை செய்தவர் என்று குடும்பத்தில் பேச்சு இருந்தால் மோடி ஆவணங்களை நாட வேண்டும். 1799-இல் நாடு கும்பினி கைக்குப் போன பிறகும், 1855-இல் இரண்டாம் சிவாஜி இறக்கும் வரை தஞ்சாவூர் அரண்மனையில் கணக்கு எழுதப்பட்டது. அந்த மராத்தி மோடி எழுத்துக் கட்டுகள் சரஸ்வதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. ஒரு பகுதி தமிழாக்கமாகவும் அச்சாகியிருக்கிறது.

இவற்றையெல்லாம் விட வேகமாக அழிந்துவருவது, ஊர்க் கணக்கு எழுதிய கர்ணத்தின் வீட்டில் இருந்த கணக்கு. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, அலுவலகத்துக்குப் போகாத பழைய கட்டுகள் பல வீடுகளின் பரணிலேயே தங்கிவிட்டன. படுகையின் ஓட்டு வீடுகள் இன்று நாளுக்கு ஒன்றாக இடிபடுகின்றன. வீட்டை இடிக்கும் முன் பரணில் ஏறிப் பாருங்கள். ஓலைக் கட்டோ கணக்குப் புத்தகமோ இருந்தால் எரித்துவிடாதீர்கள், பழைய காகிதத்தோடு எடைக்கும் போடாதீர்கள். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் வீட்டுக் கட்டில் அடுத்த தெருக் கொல்லரின் பெயர் இருக்கும்.