சூரிய மலையில் ஓர் இரவு

 

மஸ்கட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பிழைப்பின் பொருட்டு வாழும் நம்மவர் பலரிடம் இன்று சிறிய எஸ்.யூ.வி. வண்டி ஒன்று இருக்கின்றது. வெள்ளியும் சனியும் கிட்டும் விடுமுறையில் அதைப் பேரங்காடி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதோடு நம் பயணம் முடிந்துவிடுகின்றது. மலைக்கோ கடற்கரைக்கோ போகலாமென்றால் விடுதி வாடகையை எண்ணிப் பின்வாங்குகின்றோம். அந்த வண்டியே ஓரிரவுக்கு வீடாகும் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன். கூடவே, அதில் என் அறியாமையால் நேரவிருந்த ஒரு விபரீதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

ஊரிலிருந்து உம்மா வந்திருந்த டிசம்பர் மாதம் அது. மஸ்கட்டிலிருந்து நிஸ்வா நகரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அங்கிருந்து அல் ஹம்ரா வழியாக மலையேறினால் ஜபல் ஷம்ஸ். ‘சூரிய மலை’ என்பது அதன் பொருள். சிகரம் 3000 மீட்டர் அளவு உயரமுடையது. நாம் தங்கக்கூடிய மேட்டுநிலம் 2000 மீட்டர் அளவில் உள்ளது. அதன் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்திற்கு மலை பிளந்து கிடக்கின்றது. உம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, “சுப்ஹானல்லாஹ்” என்று முணுமுணுத்தவாறு என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

தங்குமிடத்தைத் தேர்வதில் முதற்கவனம் தேவை. வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகை சமமாகவும் நிழலாகவும் இருந்து நம்மை அழைக்கும். அங்கே ஒருபோதும் இரவு தங்காதீர்கள். தலைக்குமேல் விண்மீன்கள் மின்னிக்கொண்டிருக்க, எங்கோ மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாய் வந்து சேரும். 2024 ஏப்ரலில் ஓமனில் பாய்ந்த பெருவெள்ளம் பள்ளிச் சிறார்களையும் விட்டுவைக்கவில்லை என்பதை அறிவீர்கள். மேட்டில், ஆனால் பள்ளத்தின் விளிம்பிலிருந்து நன்கு தள்ளி நிறுத்துங்கள். தண்ணீர்ப் புட்டி ஒன்றை வண்டியின் தளத்தில் கிடத்தினால் சரிவு எப்பக்கம் என்று தெரிந்துவிடும். தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்திற்குக் கல் வையுங்கள்.

எங்களுடையது ரெனால்ட் டஸ்டர். பின்னிருக்கையை மடித்து முன்னிருக்கைகளை முன்னே தள்ளினால் இருவர் படுக்கலாம். உயரமானவர் சற்றுக் குறுக்காகப் படுக்கவேண்டும். மடித்த இருக்கைக்கும் சாமான் தளத்திற்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வுதான் முதுகுக்குப் பகை. அதைத் துணிமூட்டைகளால் நிரப்பி, மேலே மூன்றங்குல நுரைமெத்தை விரித்தோம். சுசுகி ஜிம்னி போன்ற குட்டி வண்டியில் முன்னிருக்கையின் தலையணையைக் கழற்றிப் பின்னுக்குச் சாய்த்தால் அது பின்னிருக்கையோடு சேர்ந்து படுக்கையாகிவிடும். கண்ணாடிகளின் அளவுக்கு வெட்டிய கறுப்புத் துணித்திரைகளை என் மனைவி முன்கூட்டியே தைத்து வைத்திருந்தாள். பெண்கள் அச்சமின்றி உடைமாற்றவும் உறங்கவும் அது உதவிற்று. கழிப்பிடத் தேவைக்கென ஆளுயரச் சிறு கூடாரம் ஒன்றையும் கொண்டுசெல்லுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பல குடும்பத்துப் பெண்கள் பயணத்தையே வெறுத்துவிடுகின்றனர்.

உம்மாவும் என் சின்ன மகளும் வண்டிக்குள். நானும் மனைவியும் மகனும் பக்கத்துக் கூடாரத்தில். மக்ரிபையும் இஷாவையும் சேர்த்து, இஷாவைச் சுருக்கித் தொழுதோம். நாங்கள் ஷாஃபி மத்ஹபினர். ஹனஃபி மத்ஹபினர் சுருக்குவரேயன்றி இவ்வாறு சேர்ப்பதில்லை. கிப்லாவுக்கு அங்கே அதிகம் தேட வேண்டியதில்லை. மக்கா ஏறத்தாழ நேர்மேற்கே இருக்கின்றது; டிசம்பரில் சூரியன் சாயும் இடத்திற்குச் சற்று வலப்புறம் அது.

இருட்டியதும் குளிர் கடுமையாயிற்று. உம்மா நடுங்குவதைக் காணப் பொறுக்காமல், சமைத்த அடுப்பில் மிஞ்சிய கரிக்கங்குகளை ஓர் இரும்புச் சட்டியில் வாரி, வண்டியின் முன்பக்கக் காலடியில் வைத்தேன். குளிர்காற்று புகாதிருக்கக் கண்ணாடிகளையும் முற்றாக ஏற்றிவிட்டேன். மகன் என்ற கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு உறங்கப்போனேன்!

நள்ளிரவுக்கு முன் கண்ணாடி தட்டப்படும் ஓசை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். “கபுருக்குள்ள படுத்தாப்பல இருக்கு வாப்பா. தலை கிறுகிறுங்குது. புள்ளைய எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்குறா” என்றார்கள் உம்மா. மகளை வாரி வெளியே கொணர்ந்தேன். குளிர்காற்று முகத்தில் பட்டுச் சற்று நேரத்திற்குப் பிறகே அவள் விழித்தாள், வாந்தியெடுத்தாள். தலைவலி என்று அழுதாள். அவள் அழுகை கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். இருளில் அந்த மலைப்பாதையில் இறங்கி, இருவரையும் நிஸ்வாவிலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைக்கச் செய்தோம். விடிவதற்குள் இருவரும் தெளிந்தனர்.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு எனும் நச்சுவாயு வெளிப்படுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியில் ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால், உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோகக்கூடும். கண்ணாடியைச் சிறிது திறந்து வைப்பதும் இதற்குக் காப்பாகாது. எனவே கரி, எரிவாயு அடுப்பு எதுவும் வண்டிக்குள்ளோ கூடாரத்திற்குள்ளோ வேண்டாம். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்கவும் வேண்டாம். புகைபோக்கியின் புகையிலும் அதே நஞ்சு உள்ளது.

குளிருக்குப் பிறகு நாங்கள் கண்ட வழி எளியது. ரப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பிப் போர்வைக்குள் காலடியில் வைக்கின்றோம். உடம்பின் மேல் போர்த்துவதைவிட அடியில் விரிப்பதே முக்கியம். குளிர் கீழிருந்துதான் ஏறுகின்றது. எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டங்குலம் இறக்கிக் கொசுவலைத் துணியால் மறைத்துவிட்டால், மூச்சின் ஈரம் கண்ணாடியில் கோத்துப் போர்வையை நனைப்பதும் குறைகின்றது. பெரிய பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப்போனால் சுப்ஹுக்கு ஒளுச் செய்யும் முதியோர் துஆச் செய்வார்கள்.

மறுநாள், “திரும்பிப் போய்விடலாமா?” எனத் தயங்கித் தயங்கி உம்மாவிடம் கேட்டேன். “நேத்துச் சரியாப் பாக்கலையே” என்றார்கள். மீண்டும் மலையேறினோம். அங்கே மலைவாசிகள் ஆட்டு ரோமத்தில் நெய்த விரிப்புகளை விற்றுக்கொண்டிருந்தனர். உம்மா சைகையிலேயே பேரம்பேசிச் சிவப்பும் கறுப்புமான ஒன்றை வாங்கினார்கள். ஊருக்கு எடுத்துப்போகத்தான் வாங்குகிறார்கள் என்றெண்ணினேன். இல்லை, எங்கள் வண்டியின் இருக்கை மடிப்பில், மெத்தைக்கு அடியில், இன்றும் அதுதான் கிடக்கின்றது.