கல்லில் செதுக்கிய பொழுதுகள்

மேகம் மூடிய வானத்துக்குப் பேர்போன ஸ்காட்லாந்தில், வெயிலையே நம்பி நிற்கும் கல் நிழற்கடிகாரங்கள் பழைய மாளிகைத் தோட்டங்களை அணிசெய்வது வியப்பன்றோ!

கிரீஃப் நகருக்கு அருகிலுள்ள டிரம்மண்ட் கோட்டைத் தோட்டத்தின் கல் தூணை 1630-இல் அமைத்தவர் ஜான் மில்ன் என்னும் சிற்பக் கலைஞர். 1633-இல் எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனைக்கும் அவரே பன்முகக் கடிகாரம் ஒன்றைச் செதுக்கினார். கிளாமிஸ் கோட்டையிலோ நான்கு கற்சிங்கங்கள் சூழ நிற்கும் கடிகாரத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட முகங்கள்!

இத்தனை முகங்கள் எதற்கு? கதிரவன் எத்திசையில் நின்றாலும் ஏதேனும் சில முகங்களில் நிழல் விழும். கணிதப் புலமையைக் காட்டும் பெருமிதமும் அதில் கலந்திருந்தது. அக்காலத்து இயந்திரக் கடிகாரங்கள் அடிக்கடி பிழைபட்டன; அவற்றைத் திருத்தி வைக்க நிழலே துணை நின்றது.

ஒவ்வொரு முகத்தின் கோடுகளும் அவ்விடத்தின் அட்சரேகைக்கென்றே கணக்கிடப்பட்டவை. வேறு அட்சரேகைக்குப் பெயர்த்து வைத்தால் நேரம் பிசகும். பூமியின் அச்சுக்கு இணையாக முள்ளை நிறுத்தும் இந்நுட்பத்தை, டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த இப்னு ஷாத்திர் 1371-லேயே கையாண்டிருந்தார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

இன்று ஸ்காட்லாந்தின் கடிகாரங்கள் பலவற்றில் உலோக முட்கள் உடைந்துவிட்டன. மழையும் பனியும் கோடுகளைத் தேய்க்கின்றன. முள்ளை இழந்த கல், வெயில் வந்தாலும் ஊமையே.