அரை அடிதானே சார்!



போன வாரம் கூட்டேரிப்பட்டில், மயிலம் பிரிவு பக்கம் டீக்கடையில் என் பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டான். எட்டாவதோடு நின்றவன், இப்போது கொத்தனார். 40-க்கு 60 மனை, ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி என்று அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். டேப் பிடித்தால் அகலத்தில் அரை அடி, நீளத்தில் அரை அடி குறைகிறதாம். கேட்டதற்கு, "அரை அடிதானே, இதுக்குப் போய்..." என்றார்களாம்.

பில் சீட்டின் பின்பக்கம் படம் போட்டேன். அகலத்தில் அரை அடி போனால், 60 அடி நீளத்துக்கும் ஒரு பட்டை போகிறது: 30 சதுர அடி. நீளத்தில் அரை அடி போனால் 40 அடிக்கு ஒரு பட்டை: 20. ஆக 50. பெருக்கியும் பார்த்தோம். 39.5 பெருக்கல் 59.5, 2350.25. குறைவது 49.75. அந்தக் கால் சதுர அடி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இரண்டு பட்டையும் சேரும் மூலையை நாம் இரண்டு தடவை எண்ணிவிட்டோம், அவ்வளவுதான்.

அதே அரை அடிதான். ஆனால் ரோட்டு முகப்பில் குறைந்தால் நஷ்டம் ஒன்றரை மடங்கு! இதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு டீ ஆறிப்போனது.

பன்னிரண்டாம் வகுப்பு கணிதம் இரண்டாம் தொகுதியில் 8-வது பாடம், 'வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள்', இதைத்தான் சொல்கிறது. ஒன்றை அசையாமல் வைத்து மற்றதைக் கொஞ்சம் நகர்த்து, பிறகு அதை வைத்து இதை நகர்த்து, இரண்டையும் கூட்டு. நேரியல் தோராயம் என்று பெயர். நான் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவன், இந்தப் பாடத்தை நடத்தியதில்லை. பேத்தி படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றதுதான். மாற்றம் சிறிதாக இருந்தால்தான் பலிக்கும். பத்து பத்து அடி குறைந்தால் மூலையே 100 சதுர அடி, தள்ளிவிட முடியாது.

சதுர அடி ஆயிரம் ரூபாய் என்றே வையுங்கள். 50,000 ரூபாய். கொத்து வேலையில் எத்தனை நாள் கூலி! பத்திரத்தில் அளந்த அளவையே எழுதச் சொல், பணத்தையும் அதற்குத் தக்கபடி குறைக்கச் சொல் என்றேன்.

அதற்கு முன் மூலை மட்டமும் பார்க்க வேண்டும். முழு மனை என்றால் மூலைவிட்டம் 72 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேல். இப்போதுள்ள அளவுக்கு இரண்டு பக்கமும் 71 அடி 5 அங்குலம் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நானும் போகிறேன்.