பக்கம் செப்பனிடுவோர்

கலைக்களஞ்சியம் ஒன்றைப் புரட்டுகிறவர்கள் அதன் ஆசிரியரை நினைப்பார்கள். அதை வெளியிட்ட ஸ்தாபனத்தை நினைப்பார்கள். வரிக்கு வரி அதன் பிழைகளைக் களைந்தவர்களை நினைப்பவர் மிகச் சிலரே. 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி என்றதும் ஆ. சிங்காரவேலு முதலியாரின் பெயரும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் என்றதும் பெரியசாமித் தூரனின் பெயரும் நம் நாவில் வருகின்றன, அது நியாயமே. ஆனால் அந்நூல்கள் அச்சேறிய காலத்தில் படிதிருத்தியவர் யார், எந்தப் பக்கத்தில் எந்தப் பிழையை நீக்கினார், எந்த வாக்கியத்தை ஏன் மாற்றினார் என்பவற்றை இன்று அறிய விரும்பினால் நமக்கு வழியில்லை. அச்சு முடிந்ததும் திருத்திய படிகள் கழிவுத் தாளோடு போய்விடுவது அச்சகங்களில் என்றும் உள்ள வழக்கம்.

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த நிலை அடியோடு மாறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக் கலைஞராகப் பணிபுரிந்துகொண்டே அதன் தொடக்க காலப் பக்கங்களைச் சிரத்தையுடன் எழுதிய இ. மயூரநாதனுக்கு, கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அளித்துக் கௌரவித்தது. 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இவை பலரும் அறிந்த செய்திகள். என் ஆவலைத் தூண்டியது வேறொன்று: அங்கே ஒரு காற்புள்ளியைத் திருத்தியவரின் பெயரும், திருத்திய நாளும், நேரமும், திருத்தத்துக்கு முந்தைய வாசகமும் அழியாமல் சேமித்து வைக்கப்படுகின்றன. பிறர் எழுதியதைச் செப்பனிடுவதையே தம் கடமையாக மேற்கொண்டவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான், காவிரிக் கரையை ஒட்டிய கல்லூரி ஒன்றில் நடந்த விக்கிப்பீடியாப் பயிலரங்குக்குச் சென்றேன்.

கணிப்பொறிக் கூடத்தில் மாணவர்களும் மாணவிகளும் ஊரிலிருந்து எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளோடு அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு உதவ வந்திருந்தவர்களுள் அரசுப் பள்ளியில் கணிதம் போதித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார். அவர் யாருடைய விசைப்பலகையையும் தொடவில்லை என்பதைச் சிறிது நேரம் கழித்தே கவனித்தேன்.

வரலாறு பயிலும் மாணவி ஒருவர் தம் ஊர் ஏரியைப் பற்றி எழுதியிருந்தார். பள்ளியில் கட்டுரை எழுதப் பழகியபடியே ஒவ்வொரு பத்தியின் முதலிலும் சிறிது இடம் விட்டுத் தொடங்கியிருந்தார். முன்தோற்றத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தியதும், பத்திகள் யாவும் சாம்பல் நிறப் பெட்டிகளுக்குள் அடைபட்டு, வரி மடங்காமல் திரையின் ஓரத்தைத் தாண்டி ஓடிவிட்டன.

“ஐயா, பக்கமே பாழாப் போச்சு.”

“ஒண்ணும் பாழாகலைம்மா. வரிக்கு முன்னால இடம் விட்டிருக்கே பாரு, அதை எடுத்துடு. புதுப் பத்தி வேணும்னா நடுவுல ஒரு வரியைச் சும்மா விட்டா போதும்.”

வரியின் தொடக்கத்தில் வெற்றிடம் இருந்தால், அந்த வரியை உள்ளது உள்ளபடியே காட்ட வேண்டும் என்று விக்கிப்பீடியாவின் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. நல்ல பழக்கத்தின் காரணமாகவே நேர்ந்த பிழை அது. பெண்ணின் விரல் பின்னழிக்கும் விசையை அழுத்த அழுத்த, பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்து பத்திகள் ஒழுங்காயின.

அடுத்த வரிசையில் இன்னொரு விநோதம். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் தேர்ச்சி பெற்ற மாணவர் ஒருவர், காவிரி என்ற சொல்லை அப்பெயருள்ள கட்டுரையோடு இணைக்க முயன்றுகொண்டிருந்தார். இணைப்புத் தருவதற்குச் சொல்லின் இருபுறமும் இரட்டைச் சதுர அடைப்புக்குறி இட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த விசைப்பலகையில் திறக்கும் அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் சகரமும், மூடும் அடைப்புக்குறியின் இடத்தில் ஞகரமும் அமைந்துள்ளன. போதாக்குறைக்கு, ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். எனவே அவருடைய திரையில் ‘ச்சகாவிரிஞ்ஞ’ என்று ஒரு சொல் நின்றது. பெரியவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கன்ட்ரோல் விசையோடு எம் விசையைச் சேர்த்து அழுத்தினால் தமிழ் உள்ளீடு தற்காலிகமாக விலகி நிற்கும் என்றும், விசைகளை மாற்றிக்கொண்டிருக்க மனமில்லையானால் மேலே உள்ள கருவிப்பட்டையில் சங்கிலிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் போதும் என்றும் பொறுமையாக எடுத்துரைத்தார். இத்தகைய இடையூறுகள் வேற்றுமொழியில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளில் இடம் பெறுவதில்லை. தமிழில் தட்டச்சிட்டுத் தடுமாறிய ஒருவரே இன்னொரு தமிழருக்கு இவற்றைச் சொல்ல முடியும். அதனால்தான் இவ்வேலைக்கு உள்ளூர் மனிதர் தேவைப்படுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

அன்று நான் கண்டவற்றுள் மனத்தில் ஆழப் பதிந்தது மதிய உணவுக்குச் சற்று முன்னர் நடந்தது. ஒரு கிராமத்தைப் பற்றிய பழைய கட்டுரையில் படத்தின் பெயரை மாற்றிய மாணவர் ஒருவர், தகவற்சட்டத்தின் இறுதியில் இருக்க வேண்டிய இரண்டு நெளி அடைப்புக்குறிகளுள் ஒன்றைத் தம்மை அறியாமலே அழித்துவிட்டுப் பக்கத்தைச் சேமித்துவிட்டார். கட்டுரையின் வலப்பக்கத்தில் படமும் விவரமுமாக அழகாக நின்ற சட்டம் கலைந்து, செங்குத்துக் கோடுகளும் சமக்குறிகளும் பக்கத்தின் உச்சி முழுவதும் சிதறிக் கிடந்தன. அவர் திகைத்து, எங்கே பிழை என்று தேடி, கடைசியில் கையைத் தூக்கிப் பெரியவரை அழைப்பதற்குள், திரையைப் புதுப்பித்துப் பார்த்தால் சட்டம் மீண்டும் தன் இடத்தில் நின்றது. கூடத்தில் இருந்த யாரும் அதைச் செய்யவில்லை.

பெரியவர் ‘வரலாறு’ என்ற இணைப்பைச் சொடுக்கச் சொன்னார். நாங்கள் யாரும் அறியாத ஒரு பயனரின் பெயர் மேலே இருந்தது, அதன் பக்கத்தில் சுருக்கமாக ஒரு குறிப்பு: ‘தகவற்சட்டத்தின் மூடும் அடைப்புக்குறி விடுபட்டிருந்தது, சேர்த்துள்ளேன்.’ இரு வடிவங்களையும் ஒப்பிட்டபோது, இடப்புறம் மாணவர் சேமித்த வரியும், வலப்புறம் செப்பனிட்ட வரியும் எதிரெதிரே தோன்றின; வலப்புறத்தில் அந்த ஒற்றை அடைப்புக்குறி மட்டும் நீல நிறம் பெற்றிருந்தது. மாணவர் திரையருகே குனிந்து அடைப்புக்குறிகளை விரலால் எண்ணிப் பார்த்தார். அண்மைய மாற்றங்களின் பட்டியலை எங்கேயோ ஓர் ஊரில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த ஒருவர், முகம் அறியாத இளைஞருக்கு, அழைப்பையும் எதிர்பாராமல் செய்த உபகாரம் அது. பிழை நீங்கியது ஒருபுறமிருக்க, அது இன்னதென்று கண்ணுக்கு முன்னால் வைக்கப்பட்டதே, அதுதான் பெரிது. அச்சகத்தின் கழிவுத் தாளோடு எத்தனை தலைமுறைகளின் பாடம் போயிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால்? திருத்தம் சரியாகவே இருந்திருக்கும். மாணவருக்கோ, யாரோ தம் வேலையில் கை வைத்துவிட்டார் என்ற எண்ணம் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். தொகுப்புச் சுருக்கம் எனப்படும் அந்தச் சிறு கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, புதியவர் எழுதிய பத்தியை நீக்குவதும் மீளமைப்பதும் விதிப்படி தவறாகாமல் இருக்கலாம். பண்பின்படி அது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஒரு வரி விளக்கம் எழுத அரை நிமிஷம் ஆகாது. அந்த அரை நிமிஷத்தில்தான் புதியவர் தங்குவதும் விலகுவதும் நிர்ணயமாகிறது.

பிற்பகலில் வடிவத்திலிருந்து நடைக்கு வந்தார்கள். ஏரிக் கட்டுரையில் ‘கண்கொள்ளாக் காட்சி’, ‘புகழ்மிக்க’, ‘மாபெரும்’ என்ற அடைமொழிகள் நிறைந்திருந்தன. பெரியவர் எதையும் அடிக்கவில்லை; ஒவ்வொன்றையும் சுட்டி, “இதை யாரும்மா சொன்னது?” என்று மட்டும் கேட்டார். சொன்னவர் ஒருவர் நூலில் சொல்லியிருந்தால் அந்நூலை மேற்கோளாகக் காட்ட வேண்டும். நமக்கே தோன்றியதானால் அது கலைக்களஞ்சியத்துக்கு ஆகாது. ‘மாபெரும்’ போய் ஏரியின் பரப்பளவும், ‘புகழ்மிக்க’ போய் அதைக் குறிப்பிடும் கல்வெட்டும் அவ்விடங்களில் அமர்ந்தபோது கட்டுரைக்கு ஒரு கம்பீரம் வந்ததைக் கண்ணாரக் கண்டேன். சிலர் பத்திரிகைகளில் போடுவதுபோல் கட்டுரையின் அடியில் தம் பெயரை எழுதியிருந்தார்கள். கட்டுரைப் பக்கத்தில் கையொப்பம் இடுவதில்லை என்றும், அவர்களுடைய பெயர் வரலாற்றில் நிரந்தரமாக இருக்கிறது என்றும் அறிந்ததும் தாமே நீக்கிவிட்டார்கள்.

பயிலரங்கு முடிந்து வீடு திரும்பியபின் சந்தேகம் எழுந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஒத்தாசைப் பக்கம் என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது; பொது விவாதங்களுக்கு ஆலமரத்தடி இருக்கிறது; தவறு செய்து பழகுவதற்கு மணல்தொட்டி இருக்கிறது. தமிழ்நாட்டார், ஈழத்தார், புலம்பெயர்ந்தோர் என எல்லோரும் வந்துபோகும் இடங்கள் இவை. வேதியியல் என்று நாம் வழங்குவதை இரசாயனவியல் என்று வழங்கி வந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். ஒரு பெயரில் தேடுபவரை மற்றொரு பெயரிலுள்ள கட்டுரைக்கு அழைத்துச் செல்லும் வழிமாற்றுப் பக்கத்தை உருவாக்கிவிட்டால் இரு சாராரும் ஒரே கட்டுரையை வந்தடைவார்கள். விவாதம் வேண்டிய இடத்தில் உரையாடல் பக்கம் திறந்திருக்கிறது.

மாலையில் பலர் விடைபெற்றுக்கொண்ட பிறகும் ஏரி மாணவி எழவில்லை. தம் கட்டுரைக்காக வேறொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கே சோழர் காலப் பாசனம் பற்றிய ஒரு வாக்கியத்துக்கு நூலின் பெயர் மட்டும் இருந்து, பக்க எண் விடுபட்டிருப்பதைக் கண்டார்.

“ஐயா, இந்தப் புத்தகம் நம்ம நூலகத்துலயே இருக்கு.”

“அப்ப போய்ப் பார்த்துட்டு வாயேன்ம்மா, மூடுறதுக்குள்ள.”

அவர் ஓடிப்போய்ப் பார்த்து, எண்ணை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு வந்தார். அதை உரிய இடத்தில் சேர்த்தார், முன்தோற்றத்தைச் சரிபார்த்தார், பிறகு கீழேயுள்ள கட்டத்தில், யாரும் நினைவூட்டாமலே, ‘மேற்கோளுக்குப் பக்க எண் சேர்த்துள்ளேன், நூலை நேரில் பார்த்தேன்’ என்று எழுதிப் பதிப்பித்தார். அதே வாக்கியத்தில் ஓர் ஆண்டும் நூலோடு பொருந்தவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதை உடனே மாற்றிவிடாமல் முதலில் உரையாடல் பக்கத்தில் கேட்டுவிடலாம் என்று பெரியவர் சொல்ல, அவர் கேள்வியை எழுதத் தொடங்கினார்.